உஷார்! ஊருக்குக் கிளம்பும் முன் அடுப்படியைப் பாருங்கள்

முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. ரயில் டிக்கெட் எடுத்து வைத்தாகிவிட்டது. குலதெய்வம் கோயில், பாட்டி வீடு, கொடைக்கானல் என்று அவரவர் வசதிப்படி ஊருக்குக் கிளம்பும் காலம் இது. கிளம்புகிற அன்று வீடு எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். ஒரு பை குறையும். சின்னவன் ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். வாசற்கதவைப் பூட்டுகிற நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும்.

"ஏங்க, கேஸை மூடினீங்களா?"

"நீதானே கடைசியா அடுப்படியில இருந்த? மூடியிருப்ப, வா வா, டைம் ஆச்சு."

இந்த அரைகுறை பதிலை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் பத்து நாள், பதினைந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகின்றன. நினைத்தால் வயிறு கலங்குகிறது.

திருட்டுப் பயத்துக்கு இரண்டு பூட்டு போடுகிறோம், பீரோ சாவியை மடியில் கட்டிக்கொள்கிறோம். ஆனால் நெருப்பு, கேஸ், கரண்ட், தண்ணீர், விஷம் என்று வீட்டில் ஆளைக் கொல்லக்கூடிய அத்தனையும் இருக்கிற இடம் அடுப்படி. அதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குவதில்லை. நாம் வீட்டில் இருக்கும்வரை சின்னக் கசிவு பெரிதாவதில்லை. மூக்கு கண்டுபிடித்துவிடும், ஜன்னல் திறந்திருக்கும், நாளைக்குப் பத்து முறை யாராவது அந்தப் பக்கம் போய்வருவார்கள். பூட்டிய வீட்டில் அதெல்லாம் கிடையாது. கசிவது கசிந்தபடியே இருக்கும், சேர்வது சேர்ந்தபடியே இருக்கும். நீங்கள் திரும்பிவந்து கதவைத் திறந்து ஸ்விட்சைத் தட்டும் வரைக்கும் அது காத்திருக்கும்.

முதலில் சிலிண்டர். அடுப்புத் திருகை மூடினால் கேஸை மூடியாயிற்று என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் ஏராளம். அது பாதி வேலைகூட இல்லை. ரெகுலேட்டர் திறந்திருந்தால், சிலிண்டரிலிருந்து அடுப்பு வரைக்கும் உள்ள டியூப் முழுக்க கேஸ் நின்றுகொண்டே இருக்கும். நீங்கள் ஊரில் இருக்கும் அத்தனை நாளும் நிற்கும். டியூபில் ஒரு வெடிப்பு, அடுப்பு முனையில் தளர்ந்துபோன ஒரு கிளிப், திருகுக்குள் தேய்ந்துபோன வால்வு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

எவ்வளவு கேஸ் கசிந்தால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. உள்ளே திரவமாக இருக்கும் எரிவாயு வெளியே வந்தால், ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் இந்த வாயு சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயரமுள்ள சின்ன அடுப்படியில் அந்த 2 சதவீதத்துக்கு முக்கால் கிலோ கேஸ் போதும். முழு சிலிண்டரும் காலியாக வேண்டியதில்லை. அதிலும் எல்பிஜி காற்றைவிட கனமானது. மேலே எழும்பிப் போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து மேடைக்கு அடியில், சிங்குக்குக் கீழே, கதவு இடுக்கில் தேங்கும். ஆகவே அறை முழுக்கப் பரவும் முன்பே தரைமட்டத்தில் ஆபத்தான அளவு சேர்ந்துவிடும். கேஸுக்கு இயல்பில் வாசனை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். முகர்ந்து பார்க்க வீட்டில் ஆளில்லாதபோது அந்த நாற்றத்தால் என்ன பயன்?

எனவே கடைசியாகப் பால் காய்ச்சி முடித்ததும் அடுப்பை அணைக்காதீர்கள். பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரை மூடுங்கள். டியூபில் மிச்சமிருக்கிற கேஸ் எரிந்து தீர்ந்து சுடர் தானாக அடங்கும். அதற்குப் பிறகு அடுப்புத் திருகை மூடுங்கள். ஒரு நாள் இரண்டு நாள் பயணம் என்றால் இது போதும். அதற்கு மேல் என்றால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் கழுத்தில் நைலான் கயிற்றில் தொங்குகிறதே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதை வால்வின் மேல் அழுத்தி, சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்து மாட்டுங்கள். அந்த மூடியை அறுத்து வீசியவர்கள் உண்டு, குழந்தை விளையாடக் கொடுத்தவர்கள் உண்டு. அது விளையாட்டுச் சாமான் இல்லை. வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. அது தேய்ந்தோ விலகியோ போனால் ரெகுலேட்டர் இல்லாத சிலிண்டரும் கசியும். அப்போது கசிவைத் தடுத்து நிறுத்துவது அந்த மூடிதான். மூலையில் நிற்கும் இரண்டாவது சிலிண்டரையும் மறக்காமல் பாருங்கள். அதைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையை வால்வின் மேல் தடவிப் பாருங்கள். குமிழ் விட்டால் கசிகிறது என்று அர்த்தம். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உங்கள் வீட்டில் யாரையும் செய்யவிடாதீர்கள்.

டியூபையும் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். கம்பி வலை உள்ளே வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்தான் போட வேண்டும். அதற்கும் ஐந்து வருஷம்தான் ஆயுள், டியூபின் மேலேயே தேதி அச்சிட்டிருப்பார்கள். பல வீடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அந்த எழுத்தே தெரிவதில்லை. எழுத்து தெரியாத அளவுக்கு டியூப் அழுக்கேறியிருந்தால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. பர்னரை ஒட்டி வளைந்து சூடு படுகிற இடத்திலும், மேடைத் துளைக்குள் நுழைகிற இடத்திலும்தான் முதலில் வெடிக்கும். அங்கே பாருங்கள்.

அடுத்தது சாமி விளக்கு. இதைச் சொன்னால் சிலருக்கு மனம் சங்கடப்படலாம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம்மில் எத்தனையோ வீடுகளில் சாமி அலமாரி அடுப்படிக்குள்ளேயே இருக்கிறது. பயணம் கிளம்பும்போது விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் புறப்படுவது வழக்கம். வழித்துணையாக எரியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் தீர்ந்தால் தானாக அணைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எண்ணெய் தீரும் முன்பே காற்றில் திரைச்சீலை ஆடலாம். எண்ணெய்த் திரிக்கு எலி வரும், எரிகிற திரியையே இழுத்துக்கொண்டும் ஓடும். அலமாரியில் சூடம், ஊதுபத்தி, காய்ந்த மாலை, படங்களுக்குப் பின்னால் பழைய காலண்டர் என்று எல்லாமே பற்றிக்கொள்ளும் பொருள்கள். கும்பிடுங்கள், ஆனால் கிளம்பும் முன் பூவால் விளக்கைக் குளிரவைத்து, ஊதுபத்திச் சாம்பலையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

இனி ஃபிரிட்ஜ். இதில்தான் நம் ஆட்களுக்குக் குழப்பம் அதிகம். போட்டுவிட்டுப் போகலாமா, அணைத்துவிட்டுப் போகலாமா? நான்கு நாள், ஒரு வாரம் என்றால் ஓடட்டும், ஆனால் கெடுகிற பொருள்களை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் காலி செய்து, பனிக்கட்டியைக் கரைத்து, ஈரம் போகத் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவு மூடாதபடி ஒரு துண்டை மடித்து இடுக்கில் செருகிவிட்டுப் போங்கள். அணைத்துவிட்டுக் கதவை இறுக்கி மூடினால் உள்ளே கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். கதவு ரப்பர் மடிப்பில் அது ஏறிவிட்டால் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. அணைக்கும் முன் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் ஃபிரிட்ஜ் கதவில் இன்சுலின் இருக்கிறதா என்று பாருங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. ஊரிலிருந்து வந்து, கெட்டுப்போனது தெரியாமல் அதையே போட்டுக்கொண்டால் சர்க்கரை கட்டுப்படாமல் ஏறும்.

பூட்டிய வீட்டு ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஒரு சம்பவத்தை மறக்கக் கூடாது. 2022 நவம்பரில் சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரி பக்கம் ஊரப்பாக்கத்தில் நடந்தது. பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்த வீடு. வெளிநாட்டிலிருந்த குடும்பம், இறந்துபோனவருக்குத் திதி கொடுப்பதற்காக வந்து வீட்டைத் திறந்தது. வந்த ஓரிரு நாளில், விடியற்காலையில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜ் வெடித்து வீடு முழுக்கப் புகை சூழ்ந்தது. மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். மின்கசிவு காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. திதி கொடுக்க வந்தவர்களுக்கே அந்தக் கதி.

நீண்ட நாள் ஓடாமல் கிடந்த ஃபிரிட்ஜை வந்ததும் போட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். பின்பக்க வயரை எலி கடித்திருக்கலாம், பிளக் முனை பச்சை பூத்திருக்கலாம், ஸ்டெபிலைசர் செத்திருக்கலாம். இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் குளிர்விக்கும் வாயுவாக ஐசோபியூட்டேன் இருக்கிறது. அதுவும் எரியக்கூடியதுதான். அளவு கொஞ்சமே என்றாலும், கசிந்து மூடிய இடத்தில் தேங்கிப் பொறி பட்டால் எரியும். பல மாதம் பூட்டிய வீடு என்றால் ஒரு மெக்கானிக்கை அழைத்துக் காட்டிவிட்டு, பகலில், ஆள் விழித்திருக்கும்போது போட்டுப் பாருங்கள். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் நிறுத்தி மதியத்துக்கு மேல் விடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. கோடை மழையில் ஒரு மரம் சாய்ந்தால் ராத்திரி முழுக்கக்கூட இருக்காது. கதவைத் திறக்காவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு சுமார் 4 மணி நேரம்தான் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். நிரம்பிய ஃபிரீசர் என்றால் 48 மணி நேரம் வரை தாங்கும், பாதிதான் இருக்கிறது என்றால் 24 மணி நேரம். கரண்ட் திரும்ப வந்ததும் எல்லாம் மறுபடி குளிர்ந்து பழையபடி ஆகிவிடும். நடுவில் கெட்டதும் தெரியாது, நீங்கள் ஊரிலிருந்து வந்து திறக்கும்போது எல்லாம் ஜில்லென்றுதான் இருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் வையுங்கள். நன்றாக உறைந்ததும் அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு ஊருக்குப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் பனிக்கட்டியின் மேலேயே இருந்தால் சரி. டம்ளரின் அடியிலோ நடுவிலோ அமிழ்ந்து உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது உள்ளே இருந்ததெல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீன், கோழி, துருவிய தேங்காய், எதுவாக இருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அம்மாக்கள் சொல்வார்கள். எல்லாம் சரியாவதில்லை. கிருமி பெரும்பாலும் கொதியில் செத்துவிடும், ஆனால் சில கிருமிகள் உணவில் விட்டுவிட்டுப் போகிற நஞ்சு கொதித்தாலும் சாகாது. மிச்ச சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸும், கைபட்ட பண்டங்களில் வளரும் ஸ்டெஃபிலோகாக்கஸும் அந்த ரகம். விடியற்காலை பஸ்ஸிலிருந்து பசியோடு இறங்குகிற குழந்தைகளுக்கு, போகும்போது வைத்துவிட்டுப் போன மாவில் இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். வேண்டாம். ஊருக்குப் போகும் முன்பே மாவைத் தீர்த்துவிடுங்கள், தீராவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். வந்த அன்றைக்கு ஒரு உப்புமா போதும். அதற்கு வேண்டிய ரவையை வறுத்து ஆறவைத்து இறுக்கமான டப்பாவில் போட்டுவிட்டுப் போங்கள். வண்டு வராது.

வண்டு சாதாரண விஷயம். உங்கள் வீட்டு அரிசியில் வண்டு விழுந்தால் சலித்து வெயிலில் காயவைத்துவிடலாம். நான் பயப்படுவது எலிக்கு. குப்பைக் கூடையில் கிடக்கிற வாழைப்பழத் தோலும், மேடையில் சிந்திய சோறும், மூலையில் அழுகுகிற உருளைக்கிழங்கும் எலியை உள்ளே அழைக்கும். உள்ளே வந்த எலி சாப்பாட்டோடு நிற்பதில்லை. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்க்க எதையாவது கடித்தாக வேண்டும். கேஸ் டியூபும் ஃபிரிட்ஜ் வயரும் அதற்குத் தோதாக இருக்கின்றன. அடுப்படியைத் துடைத்துவிட்டுப் போ என்று பெரியவர்கள் சொன்னதைச் சுத்தத்துக்காக என்று மட்டும் நினைக்காதீர்கள், டியூபைக் காப்பாற்றவும்தான். குப்பையை வெளியே போடுங்கள், கூடையைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் அழுகும். வேர்க்கடலை, கொப்பரை இரண்டிலும் பூஞ்சணம் கண்டால் துடைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள். அதில் வரும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்குகிற நஞ்சு, சமையல் சூட்டில் போகாது.

எலிக்குப் பயந்து விஷம் வைத்துவிட்டுப் போகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வீடு காலியாக இருக்கிறது, குழந்தைகள் இல்லை, இதுதான் நல்ல சமயம் என்று தோன்றும். எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. தக்காளியில் தடவி மேடையில் வைத்ததை எலி எங்கெங்கே இழுத்துப் போட்டிருக்கும் என்று திரும்பி வந்தபின் உங்களுக்கு எப்படித் தெரியும்? அரிசி டிரம்மில், பாத்திர அடுக்கில் என்று எங்கே வேண்டுமானாலும் கிடக்கலாம். அதைவிட மோசம், நெல் மூட்டைக்குப் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைப்பது. காற்றின் ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலியை ஒழிக்க வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைத் தமிழ்நாடே பார்த்தது. பூட்டிய வீட்டில் மருந்து வைத்துவிட்டுப் போய், நள்ளிரவில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போட்டுப் படுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பொறியோ பசை அட்டையோ வையுங்கள், விஷம் வேண்டாம்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, மேல்தொட்டி காலி. திருகைத் திருப்பி மூடாமல் அப்படியே கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் வாட்ச்மேன் மோட்டார் போடுவார், தொட்டி நிறையும், உங்கள் அடுப்படியில் தண்ணீர் கொட்டத் தொடங்கும். சிங்க் அடைத்திருந்தால் கூடம் வரைக்கும் குளம். கீழ்வீட்டுக் கூரை ஊறி மின்விசிறிப் பெட்டிக்குள் இறங்கும். எனவே குழாயை மட்டும் பார்க்காமல், அடுப்படிக்கு வருகிற வால்வையே மூடுங்கள். ஆர்ஓ மெஷினுக்குத் தனியாக ஒரு மூடி இருக்கும், அதையும் மூடிப் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பி வந்ததும் அதில் தேங்கியிருக்கும் தண்ணீரை இரண்டு முறை நிரப்பிக் கொட்டிவிட்டுப் பிறகு குடியுங்கள்.

குடங்களைக் கவிழ்த்து வையுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். உங்கள் பயணமும் அவ்வளவுதான். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற மாநகராட்சிப் பணியாளர்கள் பூட்டிய வீட்டுக்குள் வர முடியாது. மூடாத டிரம், ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டு, ஜன்னலோர மணிபிளான்ட் பாட்டில் மூன்றையும் பாருங்கள். பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்துபோனாலும் பல மாதம் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகையால் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். சிங்க் துளையில் கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள். வளைவுக் குழாயில் நிற்கும் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. அது வற்றினால்தான் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வரும்.

மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்பார்கள். கரண்ட் போய் வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜுக்கும் இடிக்கும் பிளக்கைப் பிடுங்குவதுதான் நிச்சயமான காப்பு.

நகையை அரிசி டிரம்மிலும் பருப்பு டப்பாவிலும் ஒளித்துவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது திருடர்களுக்குத் தெரியாத இடமே இல்லை. வங்கி லாக்கர் எதற்கு இருக்கிறது? அடுப்படிப் பின்கதவின் தாழ்ப்பாளும், எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரத்தின் கம்பியும் உறுதியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆனால் அந்தத் துவாரத்தை அட்டை வைத்து அடைக்க வேண்டாம், காற்று போக்குவரத்து வேண்டும். பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்துக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போனால் இதில் பாதிக் கவலை குறையும். இரண்டு நாளைக்கு ஒரு முறை வெளியே நின்று ஜன்னலோரம் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் உள்ளே போய் லைட் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உதவி செய்யப் போய் அவருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது.

கடைசியாக, திரும்பி வரும் அந்த இரவு. கிளம்பும்போது எச்சரிக்கையாக இருந்தவர்கள்கூட இங்கே கோட்டை விடுகிறார்கள். களைப்பு, தூக்கம், கையில் பைகள். கதவைத் திறந்ததும் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். போகக் கூடாது. வாசலில் நின்று முதலில் முகர்ந்து பாருங்கள், குனிந்து தரையோடும் முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் லைட் போடாதீர்கள், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம், காலிங் பெல்லை அழுத்த வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடவே வேண்டாம். நெடியை வெளியேற்றத்தானே அந்த ஃபேன் என்று தோன்றும், அதன் ஸ்விட்சில் வரும் பொறிதான் வீட்டை எடுத்துவிடும். குழந்தைகளையும் பெரியவர்களையும் கீழே அனுப்பிவிடுங்கள். வாடை லேசாக இருந்து, இருட்டில் தடுமாறாமல் போக முடியும் என்றால் மட்டும் கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் பிளாஸ்டிக் மூடியை மாட்டிவிட்டு வெளியே வாருங்கள். மூக்கைத் துளைக்கும் அளவுக்கு இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். நன்றாகத் தள்ளி வந்து நின்றபிறகு போன் செய்யுங்கள்.

கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906, நாடு முழுக்க இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. தீ என்றால் 101, அல்லது 112. இந்த மூன்று எண்களையும் இன்றைக்கே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். சாவி வாங்கிக்கொள்ளும் அந்த அக்காவின் போனிலும் பதிந்து கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.